புதிதாகத் திறந்த சின்னப் பியர் ஆலைக்குப் போய் ருசி பார்ப்பது எப்படி? கள்ளுத் தெரிந்த மட்டக்களப்பாருக்கு ஒரு முழு வழிகாட்டி

லண்டனில் பேர்மண்ட்சி என்றொரு பகுதி. ரயில் பாதைக்குக் கீழே செங்கல் வளைவுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு சின்னப் பியர் ஆலை, அல்லது பியர் ஊற்றும் கடை. கல்லடியிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்த மாமாவை ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டிப் போனேன். மாமா கள்ளுக்காரர். பியரை அவர் பெரிதாக மதிப்பதில்லை. கிளாசைக் கையில் கொடுத்தேன். குடிக்கவில்லை. மோந்து பார்த்தார்.

"மருமகன், இது எப்ப இறக்கினதெண்டு அந்தப் பொடியனிட்டக் கேளு."

வெட்கத்தோடுதான் மொழிபெயர்த்தேன். ஊற்றிக்கொண்டிருந்தவர்தான் காய்ச்சுபவரும். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பின்னால் போய்த் தொட்டியில் தொங்கிய அட்டையைப் பார்த்து வந்து, பீப்பாயில் அடைத்து ஒன்பது நாள் என்றார். மறுகா அரை மணித்தியாலம் எங்களோடுதான் நின்றார். நான் அதற்கு முன் நாலு வருஷம் அந்தத் தெருவில் குடித்துத் திரிந்தவன். ஒருநாளாவது அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. லண்டனில் அக்கா, டொரொண்டோவில் சித்தப்பா, பெங்களூரில் படிக்கும் மகன் என்று எங்கள் பக்கத்தில் யாரையாவது பார்க்கப் போகாத வீடு குறைவு. போகிற இடத்தில் "இங்க புதுசா ஒரு கிராஃப்ட் பியர் இடம் திறந்திருக்கு, வாங்க" என்பார்கள். அங்கே திருதிருவென்று முழிக்கத் தேவையில்லை. தவறணை வாசலில் கள்ளை மோந்து, "இது காலையில இறக்கினதா, நேற்றையதா?" என்று கேட்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். குடிக்காதவர் இதை வாசித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். சாராயமும் கசிப்பும் எங்கள் ஊர்களில் எத்தனை வீட்டைத் தின்றிருக்கின்றன என்று எனக்கும் தெரியும். கர்ப்பிணிகள், மருந்து எடுப்பவர்கள், அன்று வாகனம் ஓட்ட வேண்டியவர்கள் வந்து சுற்றிப் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம். அதுவே பாதி சுவாரசியம்.

முதல் படி: ஊரிலேயே மூக்கைப் பழக்குங்கள்

விமானம் ஏற முதல் ஒரு பின்னேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். வேண்டியது மூன்று: ஒரு லயன் லாகர், ஒரு லயன் ஸ்டவுட், தவறணையில் இருந்து ஒரு போத்தல் தென்னங்கள். மூன்று நாலு பேர் சேர்ந்தால் நல்லது. போயா நாளில் வைன் ஸ்டோர்ஸ் பூட்டு என்பதை மறந்துவிட வேண்டாம். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடிக்குப் போய் மீன் பாடுவதைக் கேட்டுவிட்டு வந்து, அடுத்த நாள் வாங்குங்கள்.

முதலில் லாகர். பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஒரு வாய் குடியுங்கள். குளிர்ச்சியும் காஸும் தவிர ஏதாவது தெரிகிறதா? பெரும்பாலும் இல்லை. கிளாசைக் கால் மணித்தியாலம் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பக் குடியுங்கள். தானியத்தின் மெல்லிய இனிப்பு, பாண் கரையின் வாசம், கடைசியில் சிறு கசப்பு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். குளிர் நாக்கை மரக்கச் செய்கிறது. எங்கள் வெயிலுக்கு ஐஸ் குளிரில் குடிப்பது நியாயம்தான். ருசி பார்ப்பதென்றால் அது கண்ணைக் கட்டிக்கொண்டு படம் பார்ப்பது மாதிரி. லாகருக்கு 4 முதல் 7 பாகை, எயில் (லாகரைப் போல நெடுநாள் குளிரில் கிடக்காத பியர்) வகைகளுக்கு 8 முதல் 12, ஸ்டவுட்டுக்கு அதிலும் கொஞ்சம் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டவுட்டை இருபது நிமிஷம் வையுங்கள். வறுத்த கோப்பி, கருகின கருப்பட்டி, கறுப்புச் சொக்கலேட். இது எங்கள் நாட்டுச் சரக்கு என்பதில் கொஞ்சம் பெருமைப்படலாம். லயன் நிறுவனத்தின் கதை 1881இல் நுவரெலியாக் குளிரில் தொடங்கியது, இப்போது ஆலை பியகமவில். மைக்கல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயப் பியர் எழுத்தாளர் (பாட்டுக்காரர் வேறு) இந்த ஸ்டவுட்டை உலகமெல்லாம் தூக்கிப் பேசியவர். வெளிநாட்டுக் காய்ச்சுபவரிடம் "நான் லயன் ஸ்டவுட் ஊர்க்காரன்" என்று சொல்லிப் பாருங்கள், பலருக்குத் தெரிந்திருக்கும்.

போத்தலில் போட்டிருக்கும் வீதத்தைக் கணக்குப் போடவும் இன்றே பழகுங்கள். லாகர் 4.8 வீதம், ஸ்டவுட் 8.8 வீதம். 625 மில்லி பெரிய லாகர் போத்தலில் தனி அல்கஹோல் 30 மில்லி. 330 மில்லி ஸ்டவுட்டிலோ 29 மில்லி. சின்னதும் பெரியதும் கிட்டத்தட்டச் சமம். இந்தக் கணக்கு பிறகு உங்களைக் காப்பாற்றும்.

கடைசியாகக் கள்ளு. காலையில் இறக்கியதை மூன்று தரம் குடித்துப் பாருங்கள்: வந்த உடனே, மத்தியானம், பொழுதுபட. முதலில் இளநீரும் சீனியும். பிறகு இனிப்பு இறங்கி, நுரை ஏறி, தலைக்குக் கொஞ்சம் தெரியும். பின்னேரம் புளிப்பு முந்திவிடும். முட்டியிலும் காற்றிலும் இருக்கிற ஈஸ்ட் சீனியைத் தின்று அல்கஹோல் ஆக்குகிறது, கூடவே பக்டீரியா புளிப்பை ஏற்றுகிறது. அப்பத்துக்கு மாவோடு கள்ளு விட்டு வைத்தால் விடிய மா பொங்கி நிற்பதும் இதே ஈஸ்டால்தான். உலகத்துப் பியர் எல்லாம் இந்த ஒரே வேலையைத்தான் கட்டுப்பாட்டோடு செய்கிறது. இந்த மூன்று வாயை நினைவில் வைத்திருந்தால் நொதித்தல் பற்றித் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: "கிராஃப்ட்", "சுயாதீனம்" என்ற பலகையை நம்ப முதல் முதலாளி யாரென்று பாருங்கள்

கிராஃப்ட் பியர் என்ற சொல்லுக்கு எல்லா நாட்டிலும் ஒரே சட்ட வரைவிலக்கணம் கிடையாது. அமெரிக்கக் காய்ச்சுபவர் சங்கம் தனக்கென்று ஒரு கோடு கீறியிருக்கிறது: வருஷம் 60 லட்சம் பீப்பாய்க்குள் உற்பத்தி, வெளி மதுபானக் கம்பனிக்கு 25 வீதத்துக்குக் குறைந்த பங்கு. 60 லட்சம் பீப்பாய் "சின்னது" என்றால் பெரியது எதுவென்று கேட்கத் தோன்றும். அது அவர்கள் நாட்டு அளவு.

முக்கியம் பங்குதான். லண்டனில் கேம்டன் டவுன் என்ற ஆலையை 2015இல் ஏபி இன்பெவ் என்ற உலகப் பெருங்கம்பனி வாங்கியது. அதே வருஷம், அப்போது கிரீனிச்சில் இருந்த மீன்டைம் ஆலையை எஸ்ஏபி மில்லர் என்ற இன்னொரு பெருங்கம்பனி வாங்கியது. பேர், சின்னம், போத்தல் எல்லாம் பழையபடியே இருக்கும், காசு போகிற பெட்டி மட்டும் வேறு. அதனால் பியர் கெட்டுப்போகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் ஒரு சின்ன மனிதரின் புது முயற்சியைப் பார்க்கத்தானே போகிறீர்கள்? போகும் முன் ஆலையின் பேரோடு "உரிமையாளர்" என்று தேடிப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

புதிதாக வருபவர்களைக் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. பலர் முதலில் சொந்த ஆலை கட்டுவதில்லை. வேறொருவரின் தொட்டியை நாட்கூலி மாதிரி வாடகைக்கு எடுத்து, தங்கள் செய்முறையில் காய்ச்சி, தங்கள் பேரில் விற்பார்கள். குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுவது போல என்பதால் இங்கிலாந்தில் இவர்களைக் குயில் காய்ச்சுபவர்கள் என்றே சொல்வார்கள். அடுத்த வருஷம் திறக்கப் போகிற ஆலைகளில் பல இன்று இப்படித்தான் நடக்கின்றன. அன்டாப்ட் என்ற கைப்பேசிச் செயலியிலும் இன்ஸ்டகிராமிலும் அந்தந்த ஊர்ப் பேரைப் போட்டுத் தேடினால் கிடைப்பார்கள். அன்டாப்டின் நட்சத்திரப் புள்ளிகளை மட்டும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். கனமான, இனிப்பான, எட்டு வீதத்துக்கு மேற்பட்ட பியர்களுக்கு அங்கே எப்போதும் புள்ளி கூட. ஒரு நல்ல சாதாரண லாகர் அங்கே அநாதை.

மூன்றாம் படி: எந்த ஊர் என்பதைப் பொறுத்துத் திட்டம்

லண்டன் என்றால் இரண்டு தடம். பேர்மண்ட்சிக்கு வழி காட்டியது 2009இல் தொடங்கிய கேர்னல் என்ற ஆலை. சனிக்கிழமை அந்த வளைவுகளில் நடந்தே பல இடம் பார்க்கலாம், ஆனால் பின்னேரத்தில் கல்யாணத்துக்கு முன் கொண்டாட வரும் மாப்பிள்ளைத் தோழர் கூட்டங்களால் நிரம்பிவிடும். காலை பதினொன்று, பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள். ஈஸ்ட்ஹாம் பக்கம் தங்குபவர்களுக்கு வோல்தம்ஸ்டோவில் பிளாக்ஹோர்ஸ் ரோட்டைச் சுற்றியுள்ள ஆலைகள் கிட்ட. அங்கே நெரிசலும் குறைவு, என் விருப்பமும் அதுதான். லண்டனில் பல சின்ன ஆலைகள் செலவு தாங்காமல் மூடிவிட்டன. ஆகவே போகிற வாரமே நேரத்தை உறுதிப்படுத்துங்கள், போன வருஷத்துப் பட்டியலை நம்பிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வரவேண்டாம்.

டொரொண்டோவில் சிஎன் கோபுரத்தின் காலடியில் 1929இல் கட்டிய வட்டமான பழைய கோச்சி எஞ்சின் கொட்டகை ஒன்று உண்டு. அதற்குள்தான் 2000இல் தொடங்கிய ஸ்டீம் விசில் ஆலை. முந்தி வேலை செய்த பியர் கம்பனி கைமாறியபோது வேலை போன மூன்று பேர் தொடங்கியது. நீண்ட காலம் பில்ஸ்னர் என்ற ஒரே வகையில் பேர் எடுத்தார்கள். இப்போது புதிய ஆலை இல்லைதான். ஆனால் முதல் தடவை போகிறவருக்கு ஆலை எப்படி இயங்குகிறது என்று பார்க்க வசதியான இடம். ஸ்காபரோவில் இருந்து நேரே ரயிலில் வந்து இறங்கலாம்.

பெங்களூரில் இந்திராநகரில் டொயிட் என்ற ஆலை 2010இல் திறந்தது, அதன் பின் அந்த நகரமே சின்ன ஆலைகளால் நிறைந்துவிட்டது. அங்கே ஆலையும் சாப்பாட்டுக் கடையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். பியர் பெரும்பாலும் வெளியே பயணம் செய்வதில்லை. தமிழ் கேட்டுக்கொண்டே குடிக்க விரும்பினால் புதுச்சேரியில் கட்டமரான் என்ற பெயரில் ஒரு சின்ன ஆலை இருக்கிறது. எங்கள் கட்டுமரம் ஆங்கிலம் போய்த் திரும்பி வந்த பேர்.

பெல்ஜியம் பக்கம் போகக் கிடைத்தால் மட்டும் பிரசல்ஸில் கன்டியோன் ஆலையைத் தவற விட வேண்டாம். 1900இல் தொடங்கியது, புதியது இல்லை. ஆனாலும் கள்ளுக்காரர்களுக்கு அதுவே கோயில். காய்ச்சிய சாற்றை மேல்மாடியில் அகலமான செப்புத் தாழியில் இரவு முழுக்கத் திறந்தே ஆறவிடுகிறார்கள். காற்றில் வரும் ஈஸ்டும் பக்டீரியாவும் தாமாக வந்து விழும். முட்டியில் எங்களுக்கு நடப்பது அதேதான். வித்தியாசம், எங்கள் கள் அன்று பொழுதுபட முடிந்துவிடும், அவர்களுடையது மரப் பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருஷம் கிடக்கும். பிறகு இளையதையும் முதியதையும் கலந்து போத்தலில் அடைப்பார்கள். அந்தப் போத்தல் ஒன்றை மாமாவுக்கு லண்டனில் திறந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது விடிஞ்ச கள்ளு. ஆனா பிழையில்லாம விடிஞ்சிருக்கு" என்றார். இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் வாசிக்கவில்லை.

நான்காம் படி: வயிறு, வாகனம், அடையாள அட்டை

வெறும் வயிற்றில் போகாதீர்கள். சோறும் கறியும் சாப்பிட்டுவிட்டே போங்கள், ஆனால் மிளகாய் குறைத்து. உறைப்பு நாக்கில் இருந்தால் பியரின் கசப்பும் அல்கஹோலின் சூடும் இரண்டு மடங்காகத் தெரியும். அன்று காலை வாசனைப் பூச்சு, மல்லிகைப்பூ, வெற்றிலை, சிகரெட் ஒன்றும் வேண்டாம். உங்களுக்கு மட்டுமில்லை, பக்கத்தில் இருப்பவர் மூக்கையும் கெடுக்கும்.

கார் எடுக்க வேண்டாம். "ரெண்டு கிளாஸ்தானே" என்று ஓட்டுபவர் எங்கள் குடும்பத்திலும் உண்டு, எல்லார் குடும்பத்திலும் உண்டு. இங்கிலாந்தில் 18, ஒன்டாரியோவில் 19, இலங்கையில் 21 வயது எல்லை. நரை விழுந்திருந்தாலும் கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

பெண்கள் வரலாமா என்று ஒவ்வொரு தடவையும் யாராவது கேட்பார்கள். இலங்கையில் பெண்கள் மதுபானம் வாங்கக் கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார், சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பிவிட்டார். வெளிநாட்டு ஆலைகளில் அப்படி ஒரு கதையே இல்லை, காய்ச்சுபவர்களிலேயே பெண்கள் இருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் சிறந்த மூக்கு என் மச்சாளுடையது. மீன் சந்தையில் தூரத்தில் நின்றே எது நேற்றைய மீன் என்று சொல்பவர்.

ஐந்தாம் படி: உள்ளே போனதும் குடிக்க முதல்

ஆலையோடு ஒட்டிய குடி அறையை டேப்ரூம் என்பார்கள். உள்ளே நுழைந்ததும் மூச்சை இழுங்கள். அன்று காய்ச்சும் நாளாக இருந்தால் நெஸ்டமோல்ட் டின்னைத் திறந்த வாசம் வரும். அது முளைக்க வைத்து உலர்த்திய பார்லி, மோல்ட் என்பது அதுதான். அரைத்த மோல்ட்டை 65 முதல் 68 பாகைச் சுடுநீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டால் அதன் மாப்பொருள் சீனியாகும். சாற்றை வடித்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கொதிக்க வைத்து ஹொப்ஸ் என்ற கொடியின் காய்ந்த பூவைப் போடுவார்கள். முதலில் போட்ட பூ கசப்பைத் தரும், கடைசியில் போட்டது வாசத்தைத் தரும். கறியில் மிளகை எப்போது போடுகிறோம், கறிவேப்பிலையை எப்போது போடுகிறோம் என்று நினைத்தால் விளங்கும். ஆறவைத்து ஈஸ்ட் விடுவார்கள். மிஞ்சும் பார்லிச் சக்கை மாட்டுக்குப் போகும், எங்கள் புண்ணாக்கு மாதிரி.

புளித்த வாசமோ, ஊறின துணி வாசமோ அடித்தால், தரை வழுக்கினால், கொஞ்சம் யோசியுங்கள். காய்ச்சுபவரின் வேலையில் பெரும் பங்கு கழுவுவதுதான்.

பிறகு கேள்விகள். மாமாவின் கேள்வி முதலாவது: எது கடைசியாக அடைத்தது? அடுத்தது: எந்தப் பியரைக் காய்ச்ச உங்களுக்குக் கஷ்டம்? மூன்றாவது: வேலை முடிந்ததும் நீங்கள் என்ன குடிப்பீர்கள்? மூன்றாவதுக்கு வரும் பதிலை அப்படியே வாங்குங்கள். விலையுயர்ந்ததைச் சொல்ல மாட்டார்கள், எனக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் மெல்லிய லாகரோ நாலு வீத எயிலோதான்.

லாகர் பற்றி ஒரு விஷயம். எயில் இரண்டு மூன்று வாரத்தில் கிளாசுக்கு வந்துவிடும். லாகர் குளிரில் ஆறு எட்டு வாரம் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். தொட்டி வாடகை, வங்கிக் கடன் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் புது ஆலைக்கு அது பெரிய செலவு. அதோடு லாகரில் பிழையை மறைக்க இடமில்லை, பழச்சாறும் ஹொப்ஸும் கொட்டி மூட முடியாது. ஆகவே ஒரு வயதுகூட ஆகாத ஆலை சுத்தமான லாகர் தருகிறது என்றால் அங்கே கை தெரிந்த ஆள் இருக்கிறார். நான் முதலில் வாங்குவது அதைத்தான்.

ஆறாம் படி: நாலு சின்னக் கிளாஸ்

முழுக் கிளாஸ் வாங்க வேண்டாம். பல இடங்களில் சின்னக் கிளாஸ்களைப் பலகையில் வரிசையாக வைத்துத் தருவார்கள், ஃபிளைட் என்று கேளுங்கள். இங்கிலாந்தில் ஒரு பைன்ட் 568 மில்லி, அதன் மூன்றில் ஒன்று 189. நாலு மூன்றிலொன்று சேர்ந்தால் 756 மில்லி. சராசரி 6 வீதம் என்றால் 45 மில்லி தனி அல்கஹோல், அதாவது ஊரில் ஒன்றரைப் பெரிய லாகர் போத்தல். "சின்னக் கிளாஸ்தானே" என்று எட்டு வாங்கியவர் எழும்பும்போது கால் பின்னும். இங்கிலாந்து சுகாதாரத் துறை வாரம் முழுக்கச் சொல்லும் உச்ச அளவே 140 மில்லி தனி அல்கஹோல். இரண்டு பேர் ஒரு பலகையைப் பகிருங்கள். அடுத்த இடத்துக்கு நாக்கு மிஞ்சும்.

வரிசை: வெளிறியதும் மெல்லியதும் முதலில், பிறகு கோதுமைப் பியர், பிறகு எயில், பிறகு ஐபிஏ (ஹொப்ஸ் கூடப் போட்ட கசப்பு எயில்), கடைசியில் ஸ்டவுட். புளிப்பு வகை இருந்தால் ஐபிஏக்கு முன் குடியுங்கள். ஹொப்ஸ் கசப்பு நாக்கில் ஏறிவிட்டால் பிறகு எதுவும் தெரியாது. பாவற்காய்க் கறிக்குப் பிறகு வெள்ளரிக்காய் சாப்பிடுவது மாதிரி ஆகிவிடும்.

இனி ஒவ்வொரு கிளாசுக்கும். முதலில் கண். கிளாசின் உள் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் எண்ணெய்ப் பிசுக்கு, மாற்றித் தரச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டார்கள். கலங்கல் பிழையில்லை. கோதுமைப் பியரும் சில ஐபிஏக்களும் கலங்கலாகத்தான் இருக்கும்.

பிறகு மூக்கு, இதில்தான் நேரம் எடுக்க வேண்டும். கிளாசை லேசாகச் சுழற்றி, இரண்டு மூன்று சின்ன மூச்சு. நீட்டி இழுத்தால் மூக்கு களைத்துவிடும். களைத்தால் உங்கள் சட்டைக் கையை மோந்து பாருங்கள், திரும்பி வரும். மோந்ததை எங்கள் ஊர்ச் சாமானில் சொல்லுங்கள். புத்தகங்களில் கிரேப்ஃபுரூட், லிச்சி, பைன் மரம் என்று இருக்கும். எங்களுக்கு நாரத்தங்காய்த் தோல், கனிந்த கொய்யா, மரமுந்திரிகைப் பழம், மாங்காய்ப் பால், மல்லித் தண்ணி. என் மச்சாள் ஒரு ஐபிஏயை மோந்து "வெயில்ல கிடந்த மரமுந்திரிகைப்பழம்" என்றார். ஊற்றியவருக்கு அந்தப் பழத்தை விளங்கப்படுத்தவே பத்து நிமிஷம் போனது, ஆனால் எங்களுக்கு அது கிரேப்ஃபுரூட்டைவிடத் துல்லியமாக இருந்தது. கோதுமைப் பியரில் வரும் வாழைப்பழ, கராம்பு வாசத்துக்குப் பழமும் கராம்பும் சேர்ப்பதில்லை, அந்த ஈஸ்ட் தருவது.

பிறகு வாய். ஒரு மிடறை நாக்கெல்லாம் பரவவிட்டு விழுங்குங்கள். வைன் ருசிப்பவர்கள் துப்புவார்கள். பியரில் விழுங்கிய பிறகு வரும் கசப்புத்தான் பாதிக் கதை, அதனால் கொஞ்சமாகக் குடித்து விழுங்குங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள், இன்னொரு வாசம் வரும். கசப்பு எப்படிப்பட்டது? வேப்பம்பூ வடகம் மாதிரி வந்து போய்விடுகிறதா, அல்லது தேயிலைச் சாயம் மாதிரி ஒட்டிக்கொண்டு தொண்டையைச் சுரண்டுகிறதா? முன்னது நல்ல கை. ஒவ்வொன்றுக்கும் இடையில் தண்ணீரும் ஒரு துண்டு வெறும் பாணும். காரக் கடலை, டெவல் செய்த கணவாய் எல்லாம் கடைசிக் கிளாசுக்குப் பிறகு.

ஸ்டவுட்டை மட்டும் ஏதாவது இனிப்போடு குடித்துப் பாருங்கள். பெட்டியில் தொதல் கொண்டு போயிருந்தால் ஒரு துண்டு எடுத்துப் போங்கள், காய்ச்சுபவருக்கும் ஒரு துண்டு. இதைச் செய்து நான் ஒருநாளும் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

ஏழாம் படி: பிழையைப் பிழையென்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிய ஆலைகளில் பிழை வரும். முதல் வருஷத்தில் ஒரே பேருள்ள பியர் மாதத்துக்கு மாதம் மாறும். அதை "இதுதான் கிராஃப்ட் ருசி" என்று விழுங்கத் தேவையில்லை.

பட்டர் பூசின மாதிரி வழுவழுப்பும் வாசமும் வந்தால், ஈஸ்ட் வேலையை முடிக்க முதல் குளிர வைத்துவிட்டார்கள், அல்லது குழாய் அழுக்கு. அவித்த சோளன் வாசம் வந்தால் கொதிப்புப் போதவில்லை, அல்லது ஆறவைக்கச் சுணங்கியிருக்கிறது. வீதியோரத்தில் அண்டாவில் சோளன் அவிப்பதைத் தாண்டிப் போனவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு நொடி போதும். பச்சை அப்பிள் வாசம் என்றால் அவசரப்பட்டு அடைத்த இளம் பியர். மழையில் நனைந்த கொப்பிப் புத்தக வாசம் பழசுக்கு அடையாளம், காற்றுப் பட்டிருக்கிறது. வினாகிரி என்றால் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் புளிப்புப் பியர் என்றே பெயர் போட்டு விற்பதில் எலுமிச்சை மாதிரியான சுத்தமான புளிப்பு இருக்க வேண்டும், தொண்டையை அறுக்கும் வினாகிரி அங்கேயும் பிழைதான்.

ரப்பர் கருகியதோடு ஒரு மிருக வாடையும் கலந்து வந்தால் வெளிச்சம் பட்ட பியர். ஹொப்ஸில் உள்ள கசப்புப் பொருள் வெயிலில் சிதைந்து அந்த வாடையைத் தரும். பச்சை, வெள்ளைப் போத்தல் இதைத் தடுக்காது, பிறவுண் போத்தல் ஓரளவு தடுக்கும், டின் முழுதாகத் தடுக்கும். வெளிமேசையில் கிளாசை வைத்துவிட்டுச் சிறிது நேரம் கதைத்தாலே வெயில் நாளில் இது தொடங்கிவிடும். கடற்கரையில் பியரை வெயிலில் வைத்து எடுத்துப் படம் போடும் எங்கள் பொடியன்களுக்கும் இது பொருந்தும். அறுகம்குடாவில் மே முதல் செப்டெம்பர் வரை நடக்கும் அலைச்சறுக்குக் காலத்தில் அந்தக் காட்சி நிறைய. அங்கே குடிப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: பொத்துவில் முஸ்லிம் மக்கள் நிறைந்த ஊர், போத்தலோடு வீதியில் நடக்க வேண்டாம்.

பிழையைச் சொல்லலாமா? சொல்லலாம், மெதுவாக, தனியாக. "இதில் பட்டர் வாசம் எனக்கு வருகிறது, நீங்கள் நினைத்ததா?" என்று கேட்டால் நல்ல காய்ச்சுபவர் உடனே கிளாசை வாங்கி மோந்து பார்ப்பார். ஒரு தடவை அப்படிக் கேட்டதற்கு ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுதான் எங்கள் பாணி" என்றார். அந்த இடத்துக்குத் திரும்பப் போகவில்லை.

கடைசிப் படி: எழுதி வையுங்கள், வாங்கி வாருங்கள், ஆனால் எல்லாவற்றையும் இல்லை

மூன்றாவது கிளாசுக்குப் பிறகு நினைவு பொய் சொல்லும். கைப்பேசியில் நாலு வார்த்தை போதும்: பெயர், வீதம், அடைத்த திகதி, உங்கள் ஊர்ச் சாமானில் வாசம். நட்சத்திரம் போட வேண்டாம். "திரும்ப வாங்குவேனா?" என்ற கேள்விக்கு ஓம், இல்லை. இவ்வளவுதான் என் கொப்பியில் இருக்கும்.

ஊருக்குக் கொண்டு வருவதென்றால் புறப்பட முதல் சுங்கம் அனுமதிக்கும் அளவைப் பார்த்துவிடுங்கள். டின்னைத்தான் தெரிவு செய்யுங்கள். சாரத்தில் சுற்றி, பெட்டியின் நடுவில், கைப்பையில் இல்லை. நான் முதல் தடவை ஆசைப்பட்டு நாலு ஐபிஏ டின் கொண்டு வந்தேன். கட்டுநாயக்காவில் இறங்கி, கொழும்பில் ஒரு நாள் சொந்தக்காரர் வீட்டு அலுமாரியில், மறுநாள் உதயதேவி ரயிலில் மட்டக்களப்புவரை வெக்கையில். ஹொப்ஸ் வாசம் குளிரில் வைத்தாலே சில வாரத்தில் மங்கிவிடும். கல்லடியில் பிரிட்ஜில் ஒருநாள் வைத்துத் திறந்தபோது கொய்யாவும் இல்லை, நாரத்தையும் இல்லை, நனைந்த கொப்பி மட்டும். மாமா மோந்துவிட்டுக் கிளாசை என் பக்கம் தள்ளினார்.

"மருமகன், இத நீயே குடி."

அடுத்த தடவை பத்து வீத ஸ்டவுட் இரண்டு கொண்டு வந்தேன். கறுப்பும் கனமும் வெக்கையைக் கொஞ்சம் தாங்கும். ஆறு மாதம் கழித்துப் புதுவருஷத்துக்குத் தொதலோடு திறந்தோம். மாமா அன்றைக்குக் கிளாசைத் திருப்பித் தரவில்லை.